சுஷி: சென்னைக்குப் போவதா, மதுரையில் வீட்டிலேயே உருட்டுவதா?

"மதுரையில் அசல் சுஷி எங்கே கிடைக்கும்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். வினிகர் கலந்த சோற்றோடு மீன், காய் எதையாவது வைத்துச் செய்யும் ஜப்பானிய உணவு அது. இங்கே ஓர் உணவகத்தில் நான் சாப்பிட்டது மயோனைஸ் வழிந்த குளிர்ந்த சோற்று உருண்டை. ஆக, வழி இரண்டு.

செலவு
சென்னை: ரயில், தங்கல், அப்புறம் பில்.
வீடு: நோரி என்ற கடற்பாசித் தாளும் அரிசி வினிகரும் ஒருமுறை வாங்கினால் பல தடவைக்கு வரும்.

சோறு
சுஷியின் உயிர் மீனில் இல்லை, வினிகர் கலந்த சோற்றில்தான்.
சென்னை: நல்ல கடையில் சோறு உடல்சூட்டில் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளால் ஜப்பானியர்கள் நிறையப் பேர் வசிக்கும் ஊர் அது. அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் கடையைத் தேடுங்கள்.
வீடு: சீரகச் சம்பா குட்டையான அரிசிதான், ஆனால் உதிரியாக நிற்கும். ஒட்டுகிற ஜப்பானிய அரிசியை ஆன்லைனில்தான் வாங்க வேண்டும்.

மீன்
சென்னை: பச்சை மீனை எப்படி உறைய வைத்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.
வீடு: வேண்டவே வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து காலையில் வந்த வஞ்சிரம் வறுக்க அருமை. பச்சையாகத் தின்ன, ஒட்டுண்ணி சாக மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வேண்டும். வீட்டு ஃப்ரீசரை நம்ப முடியாது. வெள்ளரிக்காய் வைத்து உருட்டிய கப்பாமாகி, முட்டை வைத்த சுஷி இரண்டும் ஜப்பானில் அசல்தான்.

பச்சை மீன் ருசிதான் வேண்டுமென்றால் சென்னை வேலையோடு சேர்த்துப் போய் வாருங்கள். சைவக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டுச் சுஷியே போதும். முதல் இரண்டு ரோல் பிய்ந்துபோகும், சரி, அதையும் சாப்பிடலாம்.