பதிவுத் திருமண நிகழ்ச்சி நிரல்: ஒற்றை அட்டையா, மடிப்பு அட்டையா, கையேடா?

தங்கையின் பதிவுத் திருமணத்தில் விருந்தினர் கையில் கொடுக்க ஒரு நிகழ்ச்சி நிரல் அச்சடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 70 பேர் வருகிற திருமணம். ஒற்றை அட்டை, மடிப்பு அட்டை, 8 பக்கக் கையேடு என மூன்றுக்கும் மாதிரி செய்து வீட்டில் எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்த்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் அச்சிட்ட ஏ5 ஒற்றை அட்டையைத்தான் எடுத்தோம். இன்னொரு திருமணம் வந்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

முதலில், இப்படி ஒன்று தேவையா என்று கேட்பவர்களுக்கு. பழகிய சடங்கு என்றால் எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பதிவுத் திருமணம் அப்படியில்லை. சட்டப்படி சொல்ல வேண்டிய வாசகமும் கையெழுத்தும் போக, மிச்சத்தை மணமக்களும் நடத்தி வைப்பவரும் பேசி முடிவு செய்கிறார்கள். கவிதை வாசிப்பு உறுதிமொழிக்கு முன்பா பின்பா, மோதிரம் எப்போது என்பது திருமணத்துக்குத் திருமணம் மாறும். முக்கியமாக அந்தக் கையெழுத்து நேரம். மணமக்களும் சாட்சிகளும் மேசையைச் சுற்றிக் குனிந்து நிற்பார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கோ பேசலாமா, கை தட்டலாமா, நிகழ்ச்சி முடிந்துவிட்டதா என்று ஒன்றும் புரியாது. எங்கள் அட்டையில் ‘கையெழுத்திடும்போது இசை ஒலிக்கும், நீங்கள் இருந்த இடத்திலேயே பேசிக்கொண்டிருக்கலாம்’ என்று ஒரு வரி போட்டிருந்தோம். மொத்த அட்டையில் அதிகம் பயன்பட்டது அந்த வரிதான்.

அழகு என்று பார்த்தால் கையேட்டை அடிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கையில் வாங்கும்போதே ஒரு மதிப்பு தெரியும். ஆனால் நடுவில் பின் அடிக்கிற கையேட்டுக்குப் பக்கங்கள் 4-இன் மடங்கில்தான் வரும். உங்களிடம் 5 பக்கத்துக்கு விஷயம் இருந்தால் 8 பக்கம் நிரப்பியாக வேண்டும். அரைமணி நேரத்தில் முடிகிற நிகழ்ச்சிக்கு அது அதிகம். மண்டபம் அமைதியாக இருக்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கம் புரட்டினால் சத்தமும் கேட்கும்.

மடிப்பு அட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஏ4 தாளை ஒருமுறை மடித்தால் நான்கு ஏ5 பக்கங்கள். நிறைய எழுத இருந்தால், இரண்டு மொழியில் போட வேண்டியிருந்தால், இதுதான் சரி. ஆனால் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) போன்ற தடிமனான அட்டையைக் கிரீசிங் போடாமல், அதாவது மடிக்கும் இடத்தில் முதலில் அழுத்திக் கோடு போடாமல், மடித்தால் மடிப்பில் வெடிக்கும். காகித இழை ஓடும் திசைக்குக் குறுக்கே மடிப்பு விழுந்தால் இன்னும் மோசம். மடிப்பின் மேல் அடர்ந்த நிறம் இருந்தால் அது செதில் செதிலாக உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் அழுத்திக் கோடு போட்டு நானே 10 அட்டை மடித்துப் பார்த்தேன். 6 ஒழுங்காக வந்தன. மற்ற நான்கிலும் ஓரங்கள் சேரவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான். என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: முந்தின நாள் மாலை ஒரு வரி மாறினால் என்ன செய்வீர்கள்?

மாறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்க இருந்தவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம். நடத்தி வைக்க வேண்டிய அலுவலருக்குப் பதில் வேறொருவர் வரலாம். ஒத்திகை பார்க்கும்போதுதான் இந்த வரிசை சரிவராது என்று தோன்றும். எங்களுக்குக் கவிதை வாசிக்க இருந்த சித்தப்பா மகளுக்கு முந்தின நாள் தொண்டை கட்டிவிட்டது. ஒப்புக்கொண்ட இன்னொருவர், உறுதிமொழிக்கு முன்பே வாசித்துவிடுகிறேன் என்றார். ஆக, பெயரும் மாறியது, வரிசையும் மாறியது. அப்போது மணி மாலை 7.

கையேடாக இருந்திருந்தால்? 8 பக்கக் கையேட்டில் 3, 4, 5, 6 ஆகிய பக்கங்கள் உள்தாளில் வரும். மூன்றாம் பக்கத்தில் ஒரு பெயரை மாற்ற, ஒவ்வொரு பிரதியிலும் பின்னைக் கழற்றி, உள்தாளை மாற்றி, திரும்பவும் பின் அடிக்க வேண்டும். மடிப்பு அட்டை என்றால் மறுபடி அச்சு, மறுபடி கிரீசிங், அந்த நேரத்தில் திறந்திருக்கும் அச்சகம். பேனாவால் அடித்துத் திருத்தலாம்தான். ஆனால் திருமண நாளில் தங்கை அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் செய்தது இதுதான். மாறாத விஷயங்களான இரண்டு பெயர்கள், தேதி, ஒரு சின்னக் கோட்டோவியம் ஆகியவற்றை மட்டும் முன்பக்கத்தில் வண்ணத்தில் அச்சகத்திலேயே போட்டு, ஏ5 அளவில் வெட்டி வாங்கிவிட்டோம். பின்பக்கம் வெற்றாகவே இருந்தது. நிகழ்ச்சி வரிசையை அதில் கறுப்பு மையில் முந்தின நாள் இரவு வீட்டு பிரிண்டரிலேயே அடித்தோம். திருத்தம் ஐந்து நிமிடம், அச்சு அரை மணி நேரம். 8 மணிக்குள் எல்லாம் முடிந்து, அட்டைகள் பெட்டியில் இருந்தன.

இந்த வழிக்குப் போவதானால் சிலவற்றை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். வீட்டு பிரிண்டர்கள் பல 300 ஜி.எஸ்.எம். அட்டையை இழுக்காது. பிரிண்டரோடு வந்த குறிப்பேட்டில் எவ்வளவு தடிமன் வரை போடலாம் என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அட்டையைத் தேர்ந்தெடுங்கள். எங்களுடையது 200 ஜி.எஸ்.எம். கையில் விறைப்பாகவும் நின்றது, பிரிண்டரிலும் சிக்கவில்லை. பளபளப்புப் பூச்சு இல்லாத அட்டையாக இருக்க வேண்டும். பூச்சுள்ள அட்டையில் இங்க்ஜெட் மை ஊறாமல் விரல் பட்டதும் இழுபடும். லேசர் என்றால் உள்ளே இருக்கும் சூட்டில் முன்பக்க அச்சு இளகி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. முதல் நாளே ஓரிரண்டு அட்டையை ஓடவிட்டுப் பாருங்கள். வீட்டு பிரிண்டர்கள் பெரும்பாலும் ஓரம் வரை அச்சிடாது என்பதால் பின்பக்கத்தில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது வெற்றிடம் விடுங்கள். பின்பக்கம் காலியான அட்டை பத்துப் பதினைந்து கூடுதலாக வாங்கிக்கொள்வதும் நல்லது.

அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும்போது எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள். நான் முதலில் வேர்டு கோப்பாக அனுப்பினேன். சரிபார்க்க வந்த மாதிரி அச்சில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது, மாப்பிள்ளையின் பெயரே வேறு மாதிரி இருந்தது. எழுத்தின் அளவும் முக்கியம். தமிழ் எழுத்துச் சுழிகள் 9 புள்ளி (பாயின்ட்) அளவில் அடைந்துபோகும். 12-க்குக் கீழே போக வேண்டாம். வெளிர் சாம்பல் நிறத்தில் எழுத்து போட்டால் வயதானவர்களுக்குப் படிக்கக் கஷ்டம்.

சரி, கடைசி நேரத் திருத்தம்தான் முக்கியம் என்றால் க்யூஆர் கோடு போதுமே என்று கேட்கலாம். உண்மைதான், நிகழ்ச்சி தொடங்கும் நிமிடம் வரை மாற்றலாம். ஆனால் கைபேசியை உள்ளே வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளும் இடத்தில், நிரலைப் பார்க்க அதையே எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருமுறை எடுத்த கை படமும் எடுக்கும். மணமக்கள் உறுதிமொழி சொல்லும்போது எதிரே முகங்கள் தெரிய வேண்டும் என்று தங்கை ஆசைப்பட்டாள். அதனால் க்யூஆர் கோட்டை விட்டுவிட்டோம்.

வாசலில் ஒரே ஒரு பெரிய பலகை வைக்கும் வழியும் உண்டு. 20 பேருக்குள் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். கூட்டம் கூடினால் உள்ளே வந்து உட்கார்ந்ததும் பலகையில் படித்தது மறந்துபோகும். விசிறி வடிவ நிரலை நான் செய்ததில்லை; ஒரு வெயில் நேரத் திருமணத்தில் கையில் பிடித்திருந்ததோடு சரி. விசிறிக்கொள்ள வசதியாக இருந்தது. ஆனால் கைப்பிடியை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும் என்பதால், என் கணக்கில் அதுவும் மடிப்பு அட்டையின் பக்கம்தான் சேரும்.

எந்த வடிவமானாலும் இரண்டு விஷயங்களை அச்சிடாதீர்கள். ஒன்று, உறுதிமொழி வாசகம். சட்டம் கேட்கும் சொற்கள் இடத்துக்கு இடம் மாறும், அலுவலர் அன்று சொல்லித்தருவதே இறுதி. இரண்டாவது, ஒவ்வொரு அம்சமும் எத்தனை மணிக்கு என்ற நேரம். பத்து நிமிடம் தாமதமானால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

எண்ணிக்கையில் தலைக்கு ஒன்று தேவையில்லை. ஜோடியாக வருபவர்கள் ஒன்றைத்தான் பகிர்ந்து பார்க்கிறார்கள். 70 பேருக்கு 50 அட்டை அடித்தோம். முடிந்தபின் நாற்காலிகளில் 9 கிடந்தன. அதில் ஒன்று, கவிதை வாசிப்பைக் கேட்டுக்கொண்டே யாரோ பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரிகளைக் குறித்து வைத்தது. அதைத் தங்கையிடம் கொடுத்தேன். திருமணச் சான்றிதழ் இருக்கும் உறையிலேயே வைத்திருக்கிறாள்.