மேட்டர்ஹார்ன் சுவரொட்டி மறுஅச்சு: படம் பிரமாதம், அச்சு சுமார்

டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவில் 1959-ல் திறந்த மேட்டர்ஹார்ன் (ஆல்ப்ஸ் சிகரம் ஒன்றின் பெயர், அதே மாதிரி கட்டிய செயற்கை மலை) சறுக்கு சவாரிக்கான பழைய சுவரொட்டியின் மறுஅச்சை இணையத்தில் வாங்கினேன். எந்தக் கடை என்பதை விட்டுவிடலாம், பலரும் இதே தரத்தில்தான் விற்கிறார்கள்.

முதலில் அசலைப் பற்றி. கலிஃபோர்னியாவில் 1955-ல் பூங்கா திறந்து அடுத்த வருடமே சவாரிகளுக்கான இந்த மாதிரிச் சுவரொட்டிகள் வரத் தொடங்கின. எல்லாம் பட்டுத்திரை அச்சு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரை, மை தட்டையாக, கனமாகத் தாளில் உட்காரும். அளவு 36-க்கு 54 அங்குலம். நுழைவாயில் ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்கவழியில் மாட்டுவார்கள், நடந்துகொண்டே பார்ப்பவனுக்கு ஒரே நொடியில் விஷயம் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் பெரிய எழுத்து, குறைந்த வண்ணம், சாய்ந்து பாயும் கோடுகள். பியோர்ன் ஆரன்சன், ரோலி க்ரம்ப் மாதிரி டிஸ்னி ஓவியர்கள் இதில் வேலை செய்திருக்கிறார்கள். 147 அடி உயர செயற்கை மலைதான், ஆனால் படத்தில் அது ஆல்ப்ஸ் மாதிரியே மிரட்டுகிறது!

கைக்கு வந்தது டிஜிட்டல் அச்சு. தள்ளி நின்றால் அழகு, கிட்டே போனால் நீலம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. பளபளத் தாள் வேறு, விளக்கு வெளிச்சம் பட்டால் பாதிப் படம் காணாமல் போகிறது. சுருட்டி அனுப்பியதில் ஒரு மூலை மடங்கியிருந்தது, சரி, சட்டத்துக்குள் அது மறைந்துவிடும்.

பளபளப்பில்லாத தாளில் கிடைத்தால் வாங்குங்கள். இந்த விலைக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.