‘ஆடு கடிக்காதுண்ணே!’: ராமேஸ்வரம் சாலை நர்சரிகளில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கும் நர்சரிகளை இரண்டு கடைகளாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒன்று மல்லிகை நாற்றுக் கடை. தங்கச்சிமடம் வட்டாரத்து மணலில் வேர்பிடித்து வரும் குண்டுமல்லிக் குச்சிகள் வெளி மாவட்டங்களுக்கெல்லாம் போகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் விட்டு, கவாத்து செய்து பார்த்துக்கொண்டால் மட்டுமே நிற்கிற செடி அது. தோட்டத்தைத் தாண்டிப் போகாது. இன்னொன்று, அதே நிழல்வலைக்குக் கீழே ஆந்திரத்துக் கடியத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் லாரியில் வந்திறங்கும் அழகுச் செடிக் கடை. சிக்கல் அங்கேதான்.

“தண்ணி அதிகம் கேக்காது, உப்புக்காத்தத் தாங்கும், ஆடு கடிக்காதுண்ணே.” விற்பவர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் இந்தக் கரையில் செடிகளை அடக்கி வைப்பதே வறட்சி, உப்பு, ஆடு என்ற மூன்றும்தான். மூன்றையும் தாண்டி வரும் அயல்நாட்டுச் செடி காம்பவுண்டுச் சுவரோடு நிற்காது. ஆடு தின்றால் பத்திரம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது: சீமைக் கருவேலங்காயை ஆடு ஆசையாகத் தின்று, புழுக்கை வழியே விதையை ஊரெல்லாம் போட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. கண்மாய்களில் அந்தக் கருவேலை வெட்டும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

முதலில் வெடிலியா. லாட்ஜ், ரிசார்ட் முகப்புகளில் புல்லுக்குப் பதிலாக மஞ்சள் பூவோடு தரையை மூடிக் கிடப்பது இதுதான். சொந்த ஊர் மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியன் தீவுகள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. அழகுக்கு முழு மதிப்பெண் தரலாம். ஒரு சாணுக்கு ஒரு குச்சி நட்டால் சில மாதங்களில் மண் தெரியாது. ஆபத்தும் அதுவே. இது பரவுவது பெரும்பாலும் விதையால் அல்ல, கணுவால். ஒரே ஒரு கணு உள்ள துண்டு ஈர மணலில் விழுந்தால் போதும், வேர் விட்டுவிடும். தோட்டக்காரர் வெட்டிய தழையை ஊருணிக் கரையில் கொட்டினால், அடுத்த மழைக்கு அங்கே அறுகுக்கும் இடமிருக்காது.

இதில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. சில இடங்களில் இதையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று விற்கிறார்கள். இலையைப் பாருங்கள். வெடிலியாவின் இலை தடித்துப் பளபளப்பாக, பக்கவாட்டில் மடல் பிரிந்து, பெரும்பாலும் மூன்று முனையாகத் தெரியும். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை மடல் பிரியாமல் ஒடுங்கி நீண்டிருக்கும். கீரைக்காக வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் அரிவாளையும் புல்வெட்டும் இயந்திரத்தையும் எடுக்காதீர்கள். ஒரு செடி நூறு துண்டாகும். மழை பெய்து மணல் இளகிய மறுநாள், ஓரத்திலிருந்து கொடியைத் தூக்கிப் பாய் சுருட்டுவதுபோல் உள்நோக்கிச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். வேர் மேலாகத்தான் இருக்கும், மணலில் சுலபமாகப் பெயரும். சுருட்டியதை மண்ணில் போடாமல் சிமெண்டுத் தரையிலோ தகரத்திலோ பரப்பி, கையில் நொறுங்கும் வரை காயவிட வேண்டும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று வாரமாகும். உரக்குழியில் பச்சையாகப் போட்டால் உரக்குழியே வெடிலியாத் தோட்டமாகிவிடும். பெரிய பரப்பென்றால் கருப்புப் பாலிதீன் விரிப்பை ஓரம் மண் அணைத்து ஆறு வாரம் போர்த்தி வையுங்கள். பிறகு மூன்று மாதம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை மிச்சத் துளிரைப் பிடுங்க வேண்டும். உப்பைக் கொட்டிக் கருக்குவது வீண் வேலை. உப்பைத் தாங்கும் செடி என்றுதானே விற்றார்கள்! களைக்கொல்லியும் வேண்டாம். ராமேஸ்வரம் தீவில் கிணற்று நன்னீர் கடல்நீருக்கு மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. மணல் எதையும் வடிகட்டித் தடுக்காமல் கீழே விட்டுவிடும்.

அடுத்தது ஆன்டிகோனான் கொடி. இளஞ்சிவப்புப் பூங்கொத்து, நாள் முழுக்கத் தேனீ. பந்தலுக்கு இதைவிட மலிவாக நிறம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு வைக்கும். மேலே எத்தனை முறை அறுத்தாலும், கோடையில் கருகினாலும், மழை விழுந்ததும் திரும்பி வரும். விதை தண்ணீரில் மிதந்து போகும். வேலியோரத்துப் பனை வடலியில் ஏறினால் குருத்தை மூடிவிடும். எடுப்பதற்கு ஒரே வழி, முழங்கால் உயரத்தில் கொடியை வெட்டி, தண்டைப் பிடித்துக்கொண்டே போய், சுற்றிலும் ஒன்றரை இரண்டு அடி தோண்டிக் கிழங்குகளை முழுதாக எடுப்பது. மண்வெட்டியில் அறுபட்ட கிழங்குத் துண்டும் முளைக்கும் என்பதால் கடப்பாரையும் கையும்தான் நல்லது.

மற்றவை சுருக்கமாக. ஆகாயத்தாமரையைத் தொட்டியில் வளர்க்கலாம் என்பார்கள்; கடல்நீர் இதைக் கொன்றுவிடும், ஆனால் ஊருணியும் கண்மாயும் கடல் இல்லை. விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். வாங்க வேண்டாம். நெய்வேலிக் காட்டாமணக்கை வேலிக்குச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். தண்டுத் துண்டு ஈரத்தில் வேர்விடும், ஆட்டுக்கு நஞ்சு. உண்ணிச்செடி மலைக்காட்டைப் போல இங்கே கொடிகட்டிப் பறக்கவில்லை. தொட்டியில் வைத்து, காய் பிடிக்கும் முன் பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் சமாளிக்கலாம். மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் அதையும் தவிர்க்கலாம். சப்பாத்திக் கள்ளித் தொட்டிகள் மறுபடி விற்பனைக்கு வருவது வேடிக்கைதான். தென்னிந்தியாவில் அந்தக் கள்ளி நிலங்களை மூடிக் கிடந்தபோது, 1926-இல் இலங்கையிலிருந்து கள்ளியின் சாற்றை உறிஞ்சும் ஒரு செதிற்பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள்.

தரையை மூட என்னதான் நடுவது என்று கேட்டால், அடம்பு. ஊதாப்பூ, கடற்கரையின் சொந்தக் கொடி, மணலையும் பிடித்துவைக்கும். இதுவும் ஓடும் கொடிதான், ஆனால் இந்தக் கரையில் ஓட வேண்டியது. பந்தலுக்குச் சங்குப்பூ, வேலிக்கு நொச்சி, நிழலுக்குப் பூவரசும் புன்னையும். அடம்பை நர்சரியில் வைத்திருக்க மாட்டார்கள், கேட்டால் சிரிப்பார்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலிருந்து எதையும் பறிக்கக் கூடாது; வீட்டருகே ஏற்கெனவே வளர்ப்பவரிடம் குச்சி கேளுங்கள். ஓரடி நீளத்தில் வெட்டி, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து, ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டால் தனியாகத் தண்ணீர் ஊற்றத் தேவையிருக்காது.