மாடிப்படிப் பெட்டியும் என் கடையும்: பாதி ஃபைபர் இணைப்பில் மூன்று வருடம்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் கடை திறக்கப்போகும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணா, நீங்க வெச்சிருக்கிற மாதிரி நெட்தான் எங்க பில்டிங்லயும் வருதாம். மாடி வரைக்கும் ஃபைபர், அங்கேயிருந்து லேன் ஒயர்ங்கிறாங்க. கடைக்குப் போடலாமா?" அவர் கேட்ட நேரத்தில் எங்கள் கடையில் லைன்மேன் ஸ்டூல் மேல் நின்று ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் இரண்டு வார்த்தையில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நமக்குச் சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகைக் கடை. பழைய கட்டடம், இரண்டாவது மாடி. டிசைன் இங்கே, ஆஃப்செட் அச்சு சிவகாசியில். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழியிலும் ப்ரூஃப் போகும். வீட்டில் படம் பார்ப்பவருக்கு டவுன்லோடு வேகம்தான் முக்கியம். எங்களுக்கு அப்லோடுதான் எல்லாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முன்பு டெலிபோன் ஒயரில் வரும் பிராட்பேண்ட் வைத்திருந்தேன். அப்லோடு ஒரு எம்பிபிஎஸ்ஸை, அதாவது நொடிக்கு ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. 800 எம்பி ஃபைல் ஒன்று போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் அறுந்தால் முதலில் இருந்து. அவசரம் என்றால் பென்டிரைவைக் கவரில் ஒட்டி, கலாசிபாளையம் போய் ராத்திரி ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டு வருவேன். இப்போது அதே ஃபைல் ஒரு நிமிடம் சொச்சத்தில் போய்விடுகிறது. போடும் வேகமும் எடுக்கும் வேகமும் ஒன்றே என்பதுதான் இந்த இணைப்பில் எனக்குக் கிடைத்த பெரிய வரம். சிவகாசியில் ஆறு மணிக்குள் ஃபைல் வந்தால்தான் அன்றைக்கே அச்சுக்குப் பிளேட் போடுவார்கள். ஐந்தே முக்காலுக்கு வாடிக்கையாளர் மாமனார் பெயரில் ஒரு இனிஷியலை மாற்றச் சொன்னாலும் இப்போது பதறாமல் மாற்றித் தருகிறேன். முதல் மாதம் ஃபைல் ஏறுவதைக் காட்டும் அந்த நீலக் கோடு ஓடி முடிவதைக் கடைப் பையன்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

கட்டணமும் குறை சொல்லும்படி இல்லை. 100 எம்பிபிஎஸ் திட்டம் 800 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 944. ஜிஎஸ்டி எண் கொடுத்து பில் வாங்கினால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். இணைப்பு கொடுக்கும்போதே நம்பரைக் கொடுத்துவிடுங்கள், பின்னால் சேர்ப்பது அலைச்சல்.

இனி அந்தப் பெட்டி விஷயம்.

மூன்றாவது மாடிப் படி திரும்பும் இடத்தில், மீட்டர் போர்டுக்கு மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி. தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் அதற்குள் முடிகிறது. உள்ளே நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் 'ஸ்விட்ச்' என்ற கருவி. அதிலிருந்து எட்டுக் கடைக்கு லேன் ஒயர். அந்த ஸ்விட்சுக்குக் கரண்ட் வேண்டும். இப்படி மாடி வரைக்கும் மட்டும் வரும் பாதி ஃபைபரை எடுப்பவர் வருடக்கணக்கில் அனுபவிக்கப்போவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். மேசை வரைக்கும் வரும் முழு ஃபைபரில் கம்பெனிக்கும் உங்கள் மேசைக்கும் நடுவே பெரும்பாலும் கண்ணாடி இழையும், வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டரும்தான் இருக்கும். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. கடையில் யூபிஎஸ் இருந்தால் நெட்டும் இருக்கும். என்னிடமும் யூபிஎஸ் இருக்கிறது, இரண்டு பேட்டரி போட்டு நான்கு மணி நேரம் தாங்குகிற மாதிரி வாங்கினேன். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ஓடும், லைட் எரியும், ரூட்டரில் எல்லா விளக்கும் எரியும், இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பாக நிற்கும். மேலே பெட்டி செத்திருக்கும்.

முதல் வருடம் அதற்குள் ஒரு சின்ன பேட்டரி இருந்தது. இரண்டாம் வருடம் அது பத்து நிமிடம் கூடத் தாங்கவில்லை. மாற்றச் சொல்லி எத்தனை புகார் போட்டேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் லைன் வந்த பிறகு யாராவது கூப்பிட்டு "இப்போ நெட் வருதா சார்?" என்று கேட்டுவிட்டுப் புகாரை மூடிவிடுவார்கள். கரண்ட் வந்தால் நெட் வரத்தானே செய்யும்! என் யூபிஎஸ்ஸிலிருந்தே ஒரு ஒயர் இழுத்துத் தருகிறேன், பத்துப் பதினைந்து வாட்டுக்கு எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்றேன். பெட்டியில் வாடிக்கையாளர் கை வைக்கக் கூடாது என்று பதில் வந்தது. ஒருமுறை ஓசூருக்கு 60,000 ரூபாய் சரக்கு, கீழே டெம்போ நிற்கிறது, 50,000-க்கு மேல் என்பதால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு) இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. என் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் அதைப் போட்டு அனுப்பினேன். மாதாமாதம் பணம் கட்டும் லைன் ஆபத்துக்கு உதவவில்லை என்றால் வயிறு எரிகிறது.

இதைவிட என்னை அலைக்கழித்தது வேறொன்று. மாதக் கடைசியில் அந்த மாத டிசைன்களை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றுவோம். சுமார் 200 ஜிபி. எல்லாம் சரியாகப் போனால் நாலரை மணி நேரம், அதனால் கடை மூடும்போது போட்டுவிட்டுப் போவோம். காலையில் வந்து பார்த்தால் பாதிக்கும் கீழே நின்றிருக்கும். தொடர்ந்து மூன்று மாதம் இப்படி. கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டேன், ரூட்டரைச் சந்தேகப்பட்டேன், விண்டோஸை ஒருமுறை அழித்துப் போட்டேன். ஒரு நாள் ராத்திரி வேலை இருந்து பத்து மணிக்கும் கடையிலேயே இருந்தேன். வாட்ச்மேன் தாத்தா மாடிப்படி லைட்டை அணைத்தார். அந்த நொடியே நெட் போனது. பெட்டிக்குக் கரண்ட் மாடிப்படி லைட் லைனிலிருந்து எடுத்திருக்கிறார்கள்! பெரியவர் மேல் என்ன தப்பு? ஓனர் சொன்னபடி தினமும் பத்துக்கு அணைத்து ஆறுக்குப் போட்டிருக்கிறார். மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, என் செலவில் தனி பிளக் பாயின்ட் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்தது 94. போன வருடம் ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினேன். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94. காலையிலும் 94, ராத்திரியிலும் 94. "வைஃபையில் பார்க்காதீங்க சார்" என்றார்கள். ஒயரில் பார்த்தாலும் 94. எட்டு மாதம் கழித்து இப்போது வந்த லைன்மேன்தான் பார்த்தவுடன் சொன்னார்: "94-லயே நிக்குதுன்னா ஒயர் நூறுலதான் ஓடுது சார்." லேன் ஒயருக்குள் முறுக்கிய நான்கு ஜோடிக் கம்பி இருக்கும். நூறுக்கு இரண்டு ஜோடி போதும், அதற்கு மேல் போக நான்கும் உயிரோடு இருக்க வேண்டும். அவர் பழைய முனையை வெட்டிக் கையில் வைத்துக் காட்டினார். பழுப்புக் கம்பி உள்ளே பச்சை பிடித்து, தொட்டதும் உதிர்ந்தது. புதிதாகச் சீவி, எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தி, கிரிம்ப் செய்து மாட்டினார். 191 வந்தது. பத்து நிமிட வேலை. எட்டு மாதம் 200-க்குப் பணம் வாங்கிக்கொண்டு நூறு கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் திருப்பித் தர வழியில்லையாம். இதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

இடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஏப்ரல், மே மாத சாயங்கால மழை எப்படி வரும் என்று தெரியும். எங்கள் லேன் ஒயர் கொஞ்ச தூரம் கட்டடத்தின் வெளிச்சுவரில்தான் வருகிறது. செம்பு ஆயிற்றே, பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலும் அந்த அதிர்ச்சி ஒயர் வழியாக வந்துவிடும். இரண்டு முறை ரூட்டரில் அந்த ஒயரை மாட்டும் 'வான்' (WAN) போர்ட் போயிற்று. கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது. இப்போது மேகம் கறுத்தால் பையன் எழுந்து போய் ஒயரைப் பிடுங்கி வைக்கிறான். சித்திரை, வைகாசி முகூர்த்த அவசரத்தில், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பத்திரிகைக் கடை செய்கிற வேலையா இது?

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். கரண்ட் இருக்கிற நேரத்தில் லைன் தானாக அறுந்ததே இல்லை. வெளியே ஃபைபர் வெட்டுப்பட்டு, ரோடு தோண்டி, நாள் முழுக்க நெட் போனது மூன்று வருடத்தில் இரண்டே தடவை. லைன்மேன்கள் நல்ல பிள்ளைகள், போன் செய்தால் எடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்கிறார்கள். அப்லோடைப் பற்றி மேலே சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

ஆனாலும் நண்பரே, உங்கள் கடைக்கு இது வேண்டாம். வீட்டுக்கென்றால் யோசிக்காமல் எடுங்கள். கடைக்கு, மேசை வரைக்கும் ஃபைபர் வருகிறதா என்று கேளுங்கள். அதில் அப்லோடு கொஞ்சம் குறைவாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, அதையே போடுங்கள். ஏஜென்ட் நோட்டீஸில் 'ஃபைபர்' என்றுதான் எழுதியிருக்கும், அதை நம்பாதீர்கள். பக்கத்துக் கடையில் போய் ரூட்டரின் பின்பக்கம் பாருங்கள். மெல்லிய இழை ஒரு சின்னப் பெட்டியில் வந்து சொருகியிருந்தால் முழு ஃபைபர். வெளியிலிருந்து வரும் தடித்த ஒயர் 'டக்' என்று கிளிப்போடு நேரே ரூட்டரில் மாட்டியிருந்தால் எங்களுடையது மாதிரி. வேறு வழியே இல்லை, இதுதான் கிடைக்கும் என்றால், மாடி ஏறிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி பேட்டரி இருக்கிறதா, கரண்ட் எந்த லைனிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

நானும் முழு ஃபைபருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சுவரில் துளை போட ஓனர் அம்மா சம்மதிக்க வேண்டும். போன மாதம்தான் பெயின்ட் அடித்தார்களாம், ஆடி பிறக்கட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார்.