8080 போர்ட்டை எங்கே அடைப்பது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் ஒருவர் நடத்தும் மருந்துக் கிடங்கின் இருப்புக் கணக்கு, ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வரில் ஓடுகிறது. முன்னால் கோரிக்கைகளை வாங்கி டாம்கேட்டுக்குக் கடத்தும் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ், மறையாக்கத்துக்கு எச்டிடிபிஎஸ், எல்லாம் முறைப்படிதான். போன வாரம் சில்வர் பீச் மணலில் உட்கார்ந்து, கைப்பேசியில் அந்த சர்வரின் ஐபி எண்ணோடு, டாம்கேட் நேரடியாக இணைப்பு ஏற்கும் போர்ட்டான 8080ஐச் சேர்த்துத் தட்டினேன். அதே லாகின் பக்கம் பூட்டுச் சின்னம் இல்லாமல் திறந்தது. அங்கே கொடுக்கும் கடவுச்சொல் வெட்டவெளியில் போகும். என்ஜின்எக்ஸில் போட்ட கட்டுப்பாடு ஒன்றும் செல்லாது. அதன் பதிவேட்டில் தடமும் விழாது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவை மறந்த நிலை.

டாம்கேட்டுக்குள்ளேயே கோரிக்கைகளை வடிகட்டும் வால்வ் வைத்து, அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 தவிர மற்றவர்களுக்கு, அனுமதி இல்லை என்னும் 403 காட்டலாம் என்றார் நண்பர். எனக்கு இதில் உடன்பாடில்லை. வந்தவரை உள்ளே அழைத்து, கோரிக்கையை வாங்கிப் படித்த பிறகுதான் இது மறுக்கிறது. பார்வையாளரின் உண்மையான ஐபி தெரியட்டும் என்று, ப்ராக்ஸியின் முகவரிக்குப் பதில் அதை வைக்கும் ரிமோட் ஐபி வால்வை இதற்கு முன்னால் வைத்துவிட்டால், ப்ராக்ஸி வழியாக முறையாக வருபவருக்கும் 403தான் கிடைக்கும்.

ஃபயர்வால் இதைவிட மேல். ஆனால் விதி ஒரு பக்கம், செயலி ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். டாம்கேட்டை டாக்கர் கண்டெய்னருக்குள் ஓட்டினால் கூடுதல் கவனம் வேண்டும்: டாக்கர் வெளியிடும் போர்ட், யுஎஃப்டபிள்யூ என்னும் லினக்ஸ் ஃபயர்வால் கருவியின் விதிகளைத் தாண்டிப் போய்விடும்.

நான் முதலில் கைவைப்பது, டாம்கேட்டில் இணைப்புகளை ஏற்கும் பகுதியான கனெக்டரில்தான். முகவரி குறிப்பிடாத எச்டிடிபி கனெக்டர், கணினியின் எல்லா முகவரிகளிலும் இணைப்பை ஏற்கும். டாம்கேட்டின் அமைப்புக் கோப்பான சர்வர்.எக்ஸ்எம்எல்லில் அதன் அட்ரஸை 127.0.0.1 என்று எழுதினால் போதும், வெளியார் டாம்கேட்டைத் தொடவே முடியாது. 2020இல் டாம்கேட்டின் கோஸ்ட்கேட் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, முன்னால் நிற்கும் சர்வரோடு பேசும் இன்னொரு வகையான ஏஜேபி கனெக்டருக்கு டாம்கேட் குழுவினரே 9.0.31 பதிப்பிலிருந்து இதைத்தான் இயல்புநிலையாக்கினார்கள். என்ஜின்எக்ஸிலும் டாம்கேட்டின் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதுங்கள். லோக்கல்ஹோஸ்ட், இப்போது டாம்கேட் இணைப்பு ஏற்காத ஐபிவி6 முகவரிக்குப் போய் முட்டி நிற்கலாம்.

அன்று மாலையே மாற்றி, டாம்கேட்டை நிறுத்தித் தொடங்கினோம். கைப்பேசியில் மறுபடி தட்டினேன், இணைப்பு மறுக்கப்பட்டது. அடுத்த மாதம் என்ஜின்எக்ஸைத் தனிக் கணினிக்கு மாற்றப்போகிறார் நண்பர். அன்றைக்கு 127.0.0.1 உதவாது, கனெக்டருக்கு உள் நெட்வொர்க் முகவரியைக் கொடுத்து, அந்த ஒரு கணினியை மட்டும் அனுமதிக்கும் ஃபயர்வால் விதியையும் எழுதியாக வேண்டும்.