இங்கிலாந்து ஜிபி சர்ஜரி: எந்த வேலைக்கு யாரைக் கேட்பது?

‘சர்ஜரிக்குப் போகிறேன்’ என்று லண்டனிலிருந்து போனில் சொன்னால் ஊரில் அம்மா பதறிப்போவார். இங்கே அது ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரின் கிளினிக், அவ்வளவுதான். பல வருடம் போய்வந்தால் ஒன்று பிடிபடும்: ‘டாக்டரைப் பார்க்கணும்’ என்று மட்டும் கேட்பவர்தான் அதிக நாள் காத்திருக்கிறார். பாதி வேலைக்கு அங்கே டாக்டரே தேவையில்லை.

பதிவு செய்வது இலவசம். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று எதுவும் கட்டாயமில்லை. சில ரிசெப்ஷன்களில் கேட்பார்கள். ஆனால் அவை இல்லை என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது.

ரிசெப்ஷனில் இருப்பவர் ‘என்ன பிரச்சினை?’ என்று கேட்டால் நம்மவர்களில் பலருக்குக் கோபம் வருகிறது. வம்புக்காக அவர் கேட்பதில்லை, யாரிடம் அனுப்புவது என்று பிரிப்பதே அவருடைய வேலை. ரகசியம் காக்கும் கடமை அவருக்கும் உண்டு. என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, கூடுகிறதா குறைகிறதா என்ற மூன்றையும் சொன்னால் போதும். சொல்லக் கூச்சமான விஷயம் என்றால் அப்படியே சொல்லிவிடலாம், மேலே கேட்கமாட்டார்கள். காலை 8 மணிக்கு எல்லோரும் போனில் குவிவதால், அவசரமில்லாததை ஆன்லைன் படிவத்தில் அனுப்புவது நல்லது. நெஞ்சுவலிக்குப் படிவமும் வேண்டாம், ரிசெப்ஷனும் வேண்டாம், நேரே 999 என்ற அவசர உதவி எண்.

ரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது, ஈசிஜி போன்றவை பெரும்பாலும் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் கையில். பல இடங்களில் ரத்தம் காலையில் மட்டுமே எடுப்பார்கள், ஏனென்றால் மாதிரிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் வண்டி மதியத்தோடு வந்து போய்விடும். மாதிரி வெகுநேரம் கிடந்தால் அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து, அளவு பொய்யாக உயரும். ‘பொட்டாசியம் கூடுதல், திரும்ப வாருங்கள்’ என்று அழைப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று மாதச் சர்க்கரைக்கான ஹெச்பிஏ1சி சோதனைக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

தடுப்பூசி, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, காயத்துக்குக் கட்டு, ஆஸ்துமா, நீரிழிவு எல்லாம் பிராக்டிஸ் நர்ஸ். நீரிழிவு வருடாந்திரப் பரிசோதனையில் பாதங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள், காலையில் எழுந்ததும் பிடித்த சிறுநீரும் கொண்டுபோக வேண்டும். விழித்திரைப் படம் மட்டும் இங்கே எடுப்பதில்லை. அதற்குத் தனிப் பிரிவிலிருந்து கடிதம் வரும். ‘சர்ஜரியில் எல்லாம் பார்த்தாயிற்று’ என்று அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடுபவர்கள் நிறைய. ஊருக்குப் போகுமுன் டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகள் பொதுவாக இலவசம். 6 முதல் 8 வாரம் முன்பே நர்ஸிடம் நேரம் வாங்க வேண்டும். மலேரியா மாத்திரைக்குக் காசு.

அதிகம் பயன்படுத்தாமல் விடப்படுபவர் சர்ஜரியின் கிளினிக்கல் பார்மசிஸ்ட். இவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர் அல்ல. பிரஷர் மாத்திரையில் கால் வீங்குகிறது, மெட்ஃபார்மினில் வயிறு கலக்குகிறது என்றால் இவரே சரியான ஆள். தொடர் மருந்து திடீரென்று நின்றுபோனால் பெரும்பாலும் காரணம் மருந்து மறுஆய்வுத் தேதி கடந்ததுதான். இவரோடு பத்து நிமிடப் போன் பேச்சில் தீரும். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே கேளுங்கள், இரண்டு வேலைநாளாவது ஆகும். ஊரில் எழுதித்தந்த சீட்டைக் காட்டும்போது பிராண்டு பெயர் உதவாது. ‘கிளைகோமெட்’ என்றால் இங்கே விழிப்பார்கள், மெட்ஃபார்மின் என்றால் உடனே புரியும்.

2025இல் ஒரு மருந்துக்குக் கட்டணம் 9.90 பவுண்டு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரும், தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் எடுப்பவரும் சர்ஜரியில் எஃப்பி92ஏ என்ற படிவம் வாங்கி நிரப்பிக் கட்டண விலக்குச் சான்றிதழ் பெற்றால் 5 வருடத்துக்கு எல்லா மருந்தும் இலவசம். ‘சர்க்கரை நோயாளிதானே’ என்று சான்றிதழ் வாங்காமலே சீட்டின் பின்பக்கம் டிக் போட்டுவிடுகிறார்கள். பிறகு 100 பவுண்டு வரை அபராதக் கடிதம் வீட்டுக்கு வருகிறது.

முதுகு, முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்காமலே பிசியோதெரபிஸ்டிடம் நேரம் கேட்கலாம், எல்லா இடத்திலும் இல்லாவிட்டாலும். தொண்டைவலி, அக்கி, 16 முதல் 64 வயதுப் பெண்களின் சாதாரண சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு 2024 ஜனவரி 31 முதல் மருந்துக்கடையிலேயே தேவையான மருந்தைத் தருகிறார்கள்.

அப்போ டாக்டர் எதற்கு? புதிதாக வந்த கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது, பல நோய் பின்னிக்கிடப்பது, எதில் அடங்கும் என்றே தெரியாதது. பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். கதவைத் திறக்கும்போது ‘டாக்டர், இன்னொண்ணு’ என்பது வேண்டாம். ஆங்கிலம் சிரமமானால் நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று சொல்லி, இரட்டை நேரம் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பத்து வயது மகனை வைத்துப் பாட்டியின் மாதவிடாய்க் கதையைப் பேச வைப்பது இருவருக்கும் கொடுமை.

வேலைக்கான நோய்ச் சான்று முதல் 7 நாளுக்குத் தேவையே இல்லை, நாமே எழுதிக்கொடுக்கலாம். ஊரில் 3 மாதத்துக்கு மேல் தங்கினால் பதிவிலிருந்து பெயர் போகலாம். திரும்பியதும் மருந்து தீரும் முன் மறுபடி பதிந்துவிடுங்கள்.