கலைத்தது சரியா? நிர்வாக நீதியைக் கண்காணிக்க பிரிட்டன் முயன்ற மூன்று வழிகள்

பிரிட்டனில் அரசு அலுவலகம் ஒன்று ஊனமுற்ற ஒருவரின் உதவித்தொகையை நிறுத்தினாலோ, புகலிட மனுவைத் தள்ளினாலோ, அதை எதிர்த்து முறையிடப் போகும் இடம் பெரும்பாலும், நீதிமன்றம் போல வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் தீர்ப்பாயம்தான். இலங்கையிலிருந்து போய்ப் புகலிடம் கேட்ட தமிழர் பலரின் தலைவிதியும் அங்கேதான் எழுதப்பட்டது. இந்தத் தீர்ப்பாயங்களையும், தவறான முடிவெடுத்து மக்களை அங்கே அலையவைக்கும் துறைகளையும் சேர்த்துக் கண்காணிக்க, சட்டத்தால் அமைந்த சுதந்திரமான மன்றம் ஒன்று இருந்தது. நிர்வாக நீதி மற்றும் தீர்ப்பாயங்கள் மன்றம் என்று பெயர். (அரசு மக்களைப் பற்றி எடுக்கும் முடிவுகளில் நியாயம் இருப்பதுதான் நிர்வாக நீதி.) 2013 ஆகஸ்டில் அதைக் கலைத்துவிட்டார்கள். அதன் பிறகு அமைச்சகமே அந்த வேலையைப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. அதுவும் போய், 2018-இல் சட்ட அதிகாரம் இல்லாத ஓர் ஆலோசனை மன்றம் வந்தது.

மூன்றையும் ஒப்பிட்டால் கலைத்தது தவறு என்றே சொல்வேன். ஆனால் பழைய மன்றத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவும் மாட்டேன்.

முதல் வழிக்கு நீண்ட வரலாறு உண்டு. டோர்செட் மாவட்டத்தின் கிரிச்செல் டவுன் என்ற இடத்தில் விமானப்படைப் பயிற்சிக்காக எடுத்த நிலத்தை, தேவை முடிந்தபின்னும் பழைய உரிமையாளர்களுக்குக் கொடுக்காமல் அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். 1954-இல் அது வெடித்து வேளாண்மை அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார். அந்தக் கொந்தளிப்பின் பின்னணியில் அமைந்த ஃபிராங்ஸ் குழு 1957-இல் அறிக்கை தந்தது: தீர்ப்பாயங்கள் வெளிப்படையாகவும் நியாயமாகவும் நடுநிலையாகவும் இயங்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள 1958-இல் தீர்ப்பாயங்கள் மன்றம் பிறந்தது. உறுப்பினர்கள் விசாரணைகளுக்கு நேரில் போய் உட்கார்ந்து கவனிப்பார்கள். நடைமுறை விதிகளைப் பற்றிக் கருத்துச் சொல்வார்கள்.

அதன் பலவீனம் ஆரம்பத்திலிருந்தே தெரிந்ததுதான். சொல்லலாம், கேட்கவைக்க முடியாது. அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகும்; அமைச்சர் அதை ஓரமாக வைத்துவிட்டால் மன்றம் வேறொன்றும் செய்வதற்கில்லை.

2010-இல் பதவிக்கு வந்த கூட்டணி அரசு, செலவைக் குறைக்க அரசு சார்ந்த அமைப்புகளைக் கூட்டமாக ஒழிக்கும் பட்டியலை வெளியிட்டபோது இதன் இடத்துக்கு வந்திருந்த நிர்வாக நீதி மற்றும் தீர்ப்பாயங்கள் மன்றத்தின் பெயரும் அதில் இருந்தது. அரசு சொன்ன காரணத்தில் பாதி நியாயம் உண்டு. முன்பு பல தீர்ப்பாயங்கள் தாங்கள் யாருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமோ அந்தத் துறையின் நிழலிலேயே இருந்தன. 2007-இன் சட்டம் பெரும்பாலானவற்றை ஒரே அமைப்பாக்கி, மூத்த தலைவர் என்ற நீதிபதியின் கீழ் கொண்டுவந்தது. 2011-இல் நீதிமன்ற நிர்வாகமும் தீர்ப்பாய நிர்வாகமும் இணைந்தன. இனித் தனிக் காவல் எதற்கு என்றார்கள்.

இங்கேதான் வாதம் சறுக்குகிறது. தீர்ப்பாயங்களை ஒன்றாக்கிய அதே 2007 சட்டம்தான் 1958-இன் மன்றத்தின் இடத்தில் இந்தப் புதிய மன்றத்தை உருவாக்கி, பொறுப்பையும் விரித்தது. தீர்ப்பாயத்தோடு நிற்காமல், அலுவலகத்தில் எடுக்கும் முதல் முடிவு தொடங்கி நிர்வாக நீதி முழுவதையும் பார் என்றது. சீர்திருத்தம் முடிந்ததால் மன்றம் தேவையில்லை என்றவர்கள், அந்தச் சீர்திருத்தமே அதற்குக் கொடுத்த புது வேலையைக் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாவது வழியில் நீதி அமைச்சகமே மேற்பார்வை பார்க்கும். ஆலோசனைக்கு ஒரு குழு இருக்கும். செலவு குறைவு. அமைச்சகத்துக்குள்ளேயே இருப்பதால் கொள்கை உருவாகும்போதே பேச வாய்ப்பும் உண்டு. ஆனால் உதவித்தொகைகளைத் தீர்மானிக்கும் வேலை மற்றும் ஓய்வூதியத் துறையின் முடிவுகள் மோசம் என்று நீதி அமைச்சகம் பகிரங்கமாகச் சொல்லுமா? ஒரே அமைச்சரவையில் பக்கத்து நாற்காலி. கலைப்பதற்கு முன்பே நாடாளுமன்றத்தின் பொது நிர்வாகக் குழு இந்தச் சுதந்திரக் கேள்வியை எழுப்பியது.

கலைத்த காலத்தையும் பாருங்கள். 2013 ஏப்ரலில் நலத்திட்ட வழக்குகள் பெரும்பாலானவற்றுக்குச் சட்ட உதவி நின்றது. ஜூலையில் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் வந்தது. சில வழக்குகளுக்கு மொத்தம் 1,200 பவுண்டு. அக்டோபருக்குள், உதவித்தொகை மறுக்கப்பட்டவர் முதலில் மறுத்த துறையிடமே மறுபரிசீலனை கேட்ட பிறகுதான் மேல்முறையீடு செய்யலாம் என்ற விதி பரவலானது. துறை பதில் சொல்லக் காலக்கெடு கிடையாது. வேலை செய்யத் தகுதி உண்டு என்று தீர்மானிக்கப்பட்ட நோயாளிகளுக்கு, அந்தக் காத்திருப்புக் காலத்தில் அதே உதவித்தொகையும் கிடையாது.

2012-13-இல் 5 லட்சத்தைத் தொட்ட சமூகப் பாதுகாப்பு மேல்முறையீடுகள் ஓரிரு ஆண்டுகளில் தடாலென்று சரிந்தன. துறையின் முடிவுகள் திருந்தியதாலா, மக்கள் களைத்துப்போய் விட்டுவிட்டதாலா? நீதிபதியால் இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் முறையிட வராதவர்களை அவர் பார்ப்பதே இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் காவலின் அருமை எனக்கு இங்கேதான் புரிகிறது. தொழிலாளர் கட்டணம் சட்டவிரோதம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு ஒரு தொழிற்சங்கம் நான்கு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. நோயாளிகளின் பணத்தை நிறுத்திவைத்த விதி விழுந்தது 2020-இல். மன்றம் இருந்திருந்தால் இவற்றைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்பதைக் கடமையாகக் கொண்ட ஒரு அமைப்பாவது இருந்திருக்கும்.

மூன்றாவது வழியான, 2018-இல் வந்த நிர்வாக நீதி ஆலோசனை மன்றத்தில் நீதிபதிகள், குறைதீர்ப்பாளர்கள், ஆய்வாளர்கள், இலவசச் சட்ட உதவி தருவோர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்கிறார்கள். நல்ல ஆட்கள், நல்ல நோக்கம். ஆனால் அமைச்சரிடம் பதில் கேட்கும் சட்ட உரிமை இல்லை. தீர்ப்பாயங்களின் மூத்த தலைவரே இதன் தலைமையிலும் அமர்ந்ததில் யாருக்கும் தீய எண்ணம் இல்லை என்றாலும், மேற்பார்வைக்கு உட்பட வேண்டியவரே மேற்பார்ப்பவராகவும் இருப்பது சரியான அமைப்பு அல்ல.

இந்தியாவுக்கும் இது தொலைவான சங்கதி இல்லை. தீர்ப்பாயங்களை மேற்பார்க்கச் சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1997-இலேயே சொன்னது. 2020-இல் வழக்கறிஞர் சங்கமான மெட்ராஸ் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில், தேசியத் தீர்ப்பாய ஆணையம் அமைக்கும்படி உத்தரவிட்டது.

பிரிட்டன் மறுபடி ஒன்றை அமைத்தால் அது சிறியதாகவே இருக்கட்டும். நூறு பேர் தேவையில்லை. ஆனால் சட்டத்தில் மூன்று வரிகளாவது வேண்டும்: மறுபரிசீலனையோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கைத் துறைகளிடம் கேட்டுப் பெறும் உரிமை, அறிக்கைக்கு அமைச்சர் குறித்த நாளுக்குள் நாடாளுமன்றத்தில் பதில் தரும் கட்டாயம், நீதிபதிப் பதவியில் இல்லாத ஒரு தலைவர்.